மூணாவது வாரிசு

சொந்த வீடான்னா கேட்டீங்க? சொந்த வீடுதாம்மா. ஒத்திக்கு எடுத்து உள்வாடகைக்கு விடுற ஆளு இல்ல நான். உட்காருங்க. மாடியை நிதானமா பார்த்தீங்களா? குழாயைத் திறந்து பார்த்தீங்களா? பார்க்கலை. இந்தக் காலத்துப் பிள்ளைங்களே இப்படித்தான். டைல்ஸ் கலரைப் பார்ப்பீங்க, கப்போர்டைப் பார்ப்பீங்க, குழாயைத் திறக்க மாட்டீங்க. வாடகைக்கு வர்றவங்க எப்படியோ போங்க. நாளைக்கு நீங்களும் ஒரு வீடு வாங்கத்தான போறீங்க? பேங்க்ல வேலை பார்க்கிறீங்க, லோன் கிடைக்கும். அப்போ இப்படி இருந்துராதீங்க. நான் இந்த வீட்டை வாங்கினது எப்படின்னு சொல்றேன், கேட்டு வச்சுக்கோங்க.

யூனியன் ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினவ நான். கண்காணிப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனேன். என் மேசைக்கு வர்ற ஃபைல்ல ஒரு தேதி மாறியிருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. எங்க வீட்டுக்காரரு, அதோ உள்ள டிவி பார்க்கிறாருல்ல, அவரு அப்படியே நேர் எதிரு. எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவாரு. வாத்தியாரா இருந்தவருக்கு வேற என்ன தெரியும்? இந்த வீட்டு விஷயத்துல அவரை நம்பியிருந்தா நான் இன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பேன்.

வீட்டைக் கட்டினவரு அய்யாத்துரைன்னு ஒருத்தரு. அரிசி மில்லுல மேனேஜரு. உயில் கியில் ஒண்ணும் எழுதாம போயிட்டாரு. சம்சாரம் சீனியம்மா, மகன் மனோகரன். மனோகரனுக்குக் கடைத்தெருவுல எலக்ட்ரிகல் சாமான் கடை. கடை நொடிச்சுப் போயி, வீட்டை வித்தா தலை நிமிரலாம்னு நிலைமை. ஒரு மஞ்சப்பை நிறைய காகிதம் கொண்டாந்து குடுத்தான். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வரி ரசீது எல்லாம் அடுக்கா இருந்துச்சு. வில்லங்கத்துல ஒண்ணுமில்ல. வாரிசுன்னு பார்த்தா ரெண்டே பேரு, அம்மாவும் மகனும். எங்க வக்கீல் அருணகிரி கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "சுத்தமா இருக்குங்க மேடம், முடிச்சுரலாம்"னாரு.

சுத்தமா இருக்காம்ல. எனக்கு மனசு ஒப்பலை. இவ்வளவு சுத்தமா எந்தக் குடும்பம்மா இருக்கு?

நான் என்ன செஞ்சேன், நல்ல வெயில் நேரமா பார்த்து எதிர் வீட்டுல போயி ஒரு செம்பு தண்ணி கேட்டேன். தண்ணி கேட்டு வர்ற பொம்பளையை உட்காரச் சொல்லாம இருக்க முடியுமா? உட்கார்ந்தேன். வீடு வாங்கப் போறோம்னு சொல்லலை, வாடகைக்குப் பார்க்கிறோம்னேன். அந்தம்மா தானா ஆரம்பிச்சுச்சு. நல்ல குடும்பம்தான், என்ன, மகள் சுகந்தி செத்ததுல இருந்து சீனியம்மா யாருகூடவும் ஒட்டுறதில்லைன்னு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. மகளா? காகிதத்துல மகளே இல்லையே.

நேரா வக்கீல்கிட்ட போனேன். அவரு முழிச்சாரு. செத்த மகளா இருந்தாலும், அவளுக்குப் பிள்ளைங்க இருந்தா அதுகளுக்குப் பங்கு உண்டாம். நல்லா பார்த்துக்கோங்க. நாம வீட்டை வாங்கி, பெயின்ட் அடிச்சு, கிரகப்பிரவேசம் எல்லாம் முடிச்சு உட்கார்ந்திருப்போம். மீசை முளைச்ச ஒருத்தன் வந்து, எங்கம்மா பங்கு எங்கேன்னு நிப்பான். மனோகரனைக் கூப்பிட்டு, "உங்க அக்காவோட இறப்புச் சான்றிதழைக் கொண்டா"ன்னேன்.

மறுநாள் எதைக் கொண்டாந்தான் தெரியுமா? போஸ்டரு. நாலா மடிச்ச போஸ்டரு. கண்ணீர் அஞ்சலி, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல ரெட்டைச் சடை போட்ட பொண்ணு. "இதை வச்சுப் பார்க்க முடியாதாங்கம்மா?"ங்கிறான். சிரிக்கிறதா அழுகிறதான்னு தெரியலை எனக்கு. சர்க்காரு ஆபீஸ்ல வேலை பார்த்தவகிட்ட போஸ்டரை நீட்டுறான்.

"எப்படிச் செத்தா?"

"பிரசவத்துல."

போஸ்டரை விரிச்சுப் பார்த்தேன். செல்வி சுகந்தின்னு போட்டிருக்கு. "ஏன்டா, செல்விக்கு எப்படிடா பிரசவம்?"னேன். அவ்வளவுதான், பயல் அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டான். கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் வீண் போகலை பாருங்க.

நடந்தது இதுதான். தொண்ணூத்தெட்டுல அந்தப் பொண்ணு வேற சாதிப் பையனோட போயிருச்சு. இருபத்தோரு வயசு. அய்யாத்துரை ஒரு வாரத்துல போஸ்டர் அடிச்சு ஊரெல்லாம் ஒட்டி, மொட்டை போட்டு, பதினாறாம் நாள் சாப்பாடும் போட்டுட்டாரு. இந்தப் பக்கம் நடக்கிறதுதான், உங்க ஊர்ப் பக்கமும் இருக்கும். ஆனா சீனியம்மாவுக்கு அது பொய்யின்னு தெரியும்ல? தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல போயி, இறங்குற ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் பார்த்துக்கிட்டு நிக்குமாம். மானம் போகுதுன்னு அய்யாத்துரை அடுத்த வருஷம் ஒரு நாள் வெளியூர் போயிட்டு வந்து, நிஜமாவே போயிட்டா, பிரசவத்துல போயிட்டா, நானே பார்த்துட்டு வந்தேன்னு சொல்லி, படத்தை மாட்டி மாலை போட்டுட்டாரு. அந்தம்மா நம்பிருச்சு. அன்னையில இருந்து தினம் ஒரு முழம் பூ அந்தப் படத்துக்கு. அவரு செத்தப்போ வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் குடுத்ததும் அந்தம்மா வாயால சொன்னதுதான். எனக்கு ஒரே மகன், மகள் செத்துப்போச்சுன்னு.

ஆனா சுகந்தி உயிரோட இருக்கா. கடை விலாசத்துக்கு மனோகரனுக்கு லெட்டர் போட்டுக்கிட்டே இருந்திருக்கா. இவன் பிரிக்காமலே கிழிச்சுப் போட்டுருவானாம். ஒரே ஒரு கவரை மட்டும் என்னத்துக்கோ வச்சிருந்தான். பின்பக்கம் விலாசம் இருந்துச்சு.

அன்னைக்கு எங்க வீட்டுக்காரரு சோத்துல கையை வச்சுக்கிட்டே, "அந்தம்மாகிட்ட சொல்லிருவோமே"ன்னாரு. நாம வீடு வாங்க வந்தோமா, பஞ்சாயத்துப் பண்ண வந்தோமான்னு கேட்டேன். சொன்னா என்ன ஆகும்? அந்தக் கிழவி வீட்டை விக்கும்னு நினைக்கிறீங்களா? மகளும் பேரப்பிள்ளைகளும் வந்து இருக்கட்டும்னு இறுக்கிப் பிடிச்சுக்கும். மனோகரனே சொன்னான், "அம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சா கதை கந்தலாயிரும்"னு. அவன் பயம் அவனுக்கு. எனக்கு வேண்டியது ஒரு கையெழுத்து. பங்கு வேண்டாம்னு அவ ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டா போதும்.

நானே ஓசூருக்குப் போனேன். வக்கீலை அனுப்பினா அதுக விறைச்சுக்கும். பொம்பளைக்குப் பொம்பளை பேசணும். ராயக்கோட்டை ரோட்டுல இருந்து உள்ள போகணும், ஜாக்கெட் தைச்சுக்கிட்டு இருந்தா. ரெட்டைச் சடை எல்லாம் போயி, முன்பக்கம் நரை. நான் ஊர் பேரைச் சொன்னதும் மிஷின்ல இருந்து காலை எடுத்துட்டா. "அம்மா இருக்காங்களா?" அதுதான் முதல் கேள்வி. வீட்டைப் பத்திக் கேட்கலை, பங்கைப் பத்திக் கேட்கலை. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, வேலை சுளுவா முடியும்னு.

"இருக்காங்க, நல்லா இருக்காங்க"ன்னேன்.

"என்னைப் பத்திப் பேசுவாங்களாக்கா?"

நான் என்னம்மா சொல்ல? பொய் சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. "தினமும் உன் படத்துக்குப் பூ வச்சுட்டுத்தான் காபியே குடிப்பாங்க"ன்னேன். உண்மைதானே? ஒரு எழுத்து பொய் இருக்கா அதுல? அவ்வளவுதான், குலுங்கிக் குலுங்கி அழுகிறா. சிரிக்கிறா, அழுகிறா, பக்கத்து வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட்டு, "எங்கம்மா என் படத்துக்குப் பூ வைக்கிறாங்களாம்"னு கன்னடத்துல சொல்றா. எனக்கு டீ வாங்கிக் குடுத்தா.

"பங்கு ஒண்ணும் வேண்டாம்க்கா, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன். அம்மாவை ஒரு தடவை பார்க்கணும், அவ்வளவுதான். என்னை நாலு அடி அடிச்சாக்கூடப் பரவாயில்ல"ன்னா. "அதுக்கென்ன, கையெழுத்துப் போட்டதும் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்"னேன். வாக்கு குடுத்தா காப்பாத்தணும்ல. கூட்டிட்டுத்தான் போனேன்.

விடுதலைப் பத்திரம் பதிஞ்ச அன்னைக்கு மனோகரன் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்தான், அக்கா முகத்தைப் பார்க்கவே இல்ல. அவன் சம்சாரத்தைத் துணைக்குச் சேர்த்து அம்மாவை முதல் நாளே ராமேஸ்வரத்துக்கு அனுப்பியாச்சு. யோசனை என்னோடதுதான். அய்யாத்துரைக்குத் திதி குடுத்த மாதிரியும் ஆச்சு, அந்தம்மாவும் கடலைப் பார்த்த மாதிரி ஆச்சு. வயசான காலத்துல யாரு கூட்டிட்டுப் போவா?

சுகந்தி எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டா, கைரேகை வச்சா, போட்டோவுக்குச் சிரிச்சா. அது முடிஞ்சதும் நான் ஆட்டோ வச்சு இங்க கூட்டிட்டு வந்தேன். வீடு பூட்டிக் கிடக்கு.

"நான் வர்றது அம்மாவுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாதுன்னு சொன்னா என்ன செய்வா? நாளைக்கு வர்றேன், நாளன்னைக்கு வர்றேன்னு இங்கயே டேரா போட்டுருவா. ராமேஸ்வரத்துக்கு இவளும் பஸ் ஏறினாலும் ஏறிருவா. "தெரியும்மா, சொல்லிட்டுத்தான் வந்தேன்"னேன். இந்த ஒண்ணுதான் நான் சொன்ன பொய். அதுவும் அவ நல்லதுக்கு. இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் பார்த்து, நெஞ்சு கிஞ்சு வலிச்சு அந்தம்மா விழுந்துட்டா யாரு பொறுப்பு?

அவ வாசப்படியில உட்கார்ந்தா. கதவைத் தொட்டுப் பார்த்தா. "நான் இருந்தப்போ பச்சை பெயின்ட்டு"ன்னா. ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் எந்திரிச்சு, பையில இருந்து ஒரு சேலையை எடுத்து என் கையில குடுத்து, "அம்மாகிட்ட குடுத்துருங்க. என்னைப் பிடிக்கலைன்னா சேலை மேல என்ன கோபம்"னுட்டு பஸ் ஏறிட்டா. அதோட சரி. ஒரு போன் கிடையாது. எத்தனை நன்றி கெட்டதுக பாருங்க. நான் மட்டும் போகலைன்னா அவங்கம்மா உயிரோட இருக்கிறதே அவளுக்குத் தெரியாது.

சேலையை நான் எப்படிக் குடுக்க முடியும்? யாரு குடுத்ததுன்னு கேட்காதா? சுங்குடிச் சேலை, அரக்குக் கலரு. சும்மா கிடந்து மக்கிப் போகும்னு நான்தான் கட்டிக்கிட்டேன். நல்லா உழைக்குது.

வாரிசுச் சான்றிதழையும் விடலை நான். திருத்தி மூணு பேருன்னு வாங்க வச்சேன். கிரயப் பத்திரம் எழுதினப்போ அருணகிரி, "விடுதலைப் பத்திர விவரத்தைச் சுருக்கமா போட்டுக்கலாமே, அந்தம்மா படிச்சுட்டா?"ன்னாரு. முடியவே முடியாதுன்னுட்டேன். பேரு, வயசு, ஊரு, பத்திர எண்ணு, தேதி, ஒண்ணு விடக் கூடாது. பத்திரம்னா பத்திரமா இருக்கணும். தவிர, அந்தம்மாவுக்கு எங்க படிக்கத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன்.

படிக்கத் தெரியும்மா அதுக்கு. மூணாவது வரைக்கும் படிச்சிருக்கு. ரிஜிஸ்தர் ஆபீஸ் பெஞ்சுல உட்கார்ந்து, விரலை வச்சு வச்சு, எழுத்துக் கூட்டிப் படிக்குது. டோக்கன் நம்பர் வர்றதுக்குள்ள நாலு பக்கம் படிச்சுருச்சு. மனோகரன் வெளிய போயி நின்னுட்டான், கோழை. அஞ்சாவது பக்கத்துல விரல் நின்னுச்சு. நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு.

"சுகந்தின்னு போட்டிருக்கேம்மா."

"ஆமாம்மா, உங்க மகள்தானே. பேரு வரணும்ல"ன்னேன்.

"வயசு நாப்பத்தேழுன்னு போட்டிருக்கு. அவ போனப்போ இருபத்தி ரெண்டுல்ல."

எங்க வீட்டுக்காரரு பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு. வாயைத் திறக்கப் போறாருன்னு தெரிஞ்சு போச்சு, கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினேன். "செத்தவங்க வயசை நிறுத்தி எழுத மாட்டாங்கம்மா. இருந்திருந்தா இன்னைக்கு என்ன வயசோ அதைத்தான் பத்திரத்துல போடுவாங்க. சட்டம் அப்படி"ன்னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலை, டக்குன்னு வாயில வந்துருச்சு. அந்தம்மா திரும்பக் குனிஞ்சு அந்த நாப்பத்தேழைப் பார்த்துச்சு. "நாப்பத்தேழு வயசு ஆயிருக்குமா அவளுக்கு"ன்னு அதுபாட்டுக்குச் சொல்லிச்சு. முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிச்சு. கூப்பிட்டாங்க, உள்ள போச்சு, சம்மதம்தானான்னு கேட்டதுக்குச் சம்மதம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுச்சு.

அன்னையில இருந்துதான் எங்க வீட்டுக்காரருக்குக் காது சரியில்ல. டிவி சத்தம் எல்லாம் கேட்குது, நான் பேசினா மட்டும் கேட்க மாட்டேங்குது. டாக்டர்கிட்ட காட்டணும்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சனிக்கிழமை கேட்டை யாரோ தட்டுறாங்க. பார்த்தா சீனியம்மா. இந்த ஊருலயே அந்தக் கோடியில மகன் வாடகை வீட்டுல இருக்கு, அங்க இருந்து டவுன் பஸ் பிடிச்சு வந்திருக்கு. மூச்சு வாங்குது. "ஒரு சந்தேகம்மா"ங்குது. "சுகந்தி எழுதிக் குடுத்திருக்கான்னு போட்டிருந்துச்சே. செத்தவ எப்படிம்மா எழுதிக் குடுப்பா?"

ரெண்டு மாசமா இதையே நினைச்சுக்கிட்டு இருந்திருக்கு பாருங்க. மகன்கிட்ட கேட்டிருக்கு, அவன் உனக்கு மறதி வந்துருச்சு, அப்படி ஒண்ணும் போடலைன்னு சொல்லிட்டான். நானும் அதையேதான் சொன்னேன். அப்படி எல்லாம் ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போங்கன்னேன். என் சேலையையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. "சேலை நல்லா இருக்கும்மா, சுகந்திக்கும் இந்தக் கலருதான் பிடிக்கும்"னுச்சு. எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் போச்சு. நானும் மனுஷிதானே.

அதுல இருந்து மாசம் ஒரு தடவை, ரெண்டு தடவை வந்துருது. உள்ள வர்றேன்னு கேட்காது. சண்டை போடாது. கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, "வீடு எனக்கு வேண்டாம்மா. அந்தக் காகிதத்துல அவ ஊர் பேரு இருந்துச்சு, வாசிச்சேன், மறந்து போச்சு. அதை மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொல்லு"ங்கும். அவ்வளவுதான் கேட்கிறது. அதைத்தாம்மா சொல்லக் கூடாது. யோசிச்சுப் பாருங்க. இது போயி அவளைப் பார்த்துருச்சுன்னு வைங்க. எங்கம்மாவைக் காட்டுறேன்னு ஏமாத்திக் கையெழுத்து வாங்கினாங்கன்னு அவ சொல்லுவா, என் மகள் செத்துட்டான்னு ஏமாத்தினாங்கன்னு இது சொல்லும். ரெண்டும் சேர்ந்து ஒரு கேஸைப் போட்டா என் பத்திரம் என்ன ஆகும்? வக்கீலே கையை விரிச்சுட்டாரு. அப்போ நான் பட்ட பாடு எல்லாம் எதுக்கு?

நகல் வேணும்னா ரிஜிஸ்தர் ஆபீஸ்ல மனுப் போட்டு வாங்கிக்க வேண்டியதுதானே. யாரு வேண்டாம்னா? அதுக்கு அது தெரியலைன்னா நான் என்ன செய்ய? எனக்கு என்னமோ காகிதத்தைப் பார்க்கவே வேண்டியதில்ல. ஓசூரு, ராயக்கோட்டை ரோட்டுல பெட்ரோல் பங்க் தாண்டி ரெண்டாவது சந்து, மூணாவது வீடு, வாசல்ல தையல் கடை போர்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிருவேன். உங்ககிட்ட சொல்றதுல என்ன இருக்கு, நீங்க வெளியூரு, உங்க வேலையைப் பார்க்கிறவங்க.

அதனால மாடிக்கு வர்றீங்கன்னா ஒண்ணே ஒண்ணுதான். அந்தம்மா வந்து கேட்டைத் தட்டினா மேல இருந்து எட்டிப் பார்க்காதீங்க. தண்ணி கேட்கும், குடுக்காதீங்க. குடுத்தா உட்காரும், உட்கார்ந்தா பேசும். தண்ணி கேட்கிறவங்களை நம்பக் கூடாது. முன்னாடி மாடியில இருந்த பொண்ணு பாவம் பார்த்து உள்ள கூட்டி உட்கார வச்சா, அதனாலதான் காலி பண்ணச் சொன்னேன்.

ஏம்மா எந்திரிக்கிறீங்க? அட, திரும்பிப் பார்க்காதீங்க. அதுதான். நம்ம தலை தெரிஞ்சா போகாது, இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க. கொஞ்ச நேரம் தட்டும், அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தானா போயிரும். அவரு எங்க போறாரு? ஏங்க, உட்காருங்க. உங்களைத்தான். கேட்கலை பாருங்க அவருக்கு. ஏங்க, கேட்டைத் திறக்காதீங்க. சாவி என்கிட்டதான் இருக்கு, போயி சும்மா நிப்பாரு. அந்தம்மா அந்தப் பக்கம், இவரு இந்தப் பக்கம், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டாங்க. எப்பவும் இப்படித்தான், நீங்க கண்டுக்காதீங்க. சொல்லுங்க, பால் காய்ச்சறது வெள்ளிக்கிழமை வச்சுக்கலாமா?